கடைசித் தாளில் நான்கு வார்த்தை

எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நாவல்களிலெல்லாம் கொப்பரை வாசம் அடிக்கும். பொள்ளாச்சிச் சித்தப்பா தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து படித்து முடித்து, பஸ்ஸில் காரமடை மாமாவுக்கு அனுப்புவார். அங்கே மஞ்சள் மண்டி விரல்தடங்களும் ஏறிக்கொண்டு, கடைசியில் கோயம்புத்தூரில் எங்கள் கைக்கு வந்து, சுற்று முடிந்து பொள்ளாச்சி அலமாரிக்கே திரும்பும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை இது. எனக்கு அப்போது பதினோரு வயது.

படித்தவர்கள் கடைசி வெற்றுத்தாளில் "அபிப்பிராயம்" எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உறவுக்குள் வழக்கம். "நீதி உண்டு, படிக்கலாம்" என்பார் சித்தப்பா. "அழுதேன்" என்பார் மாமா. துப்பறியும் நாவலுக்கும் அழுத மனிதர் அவர். பெண்கள் படிக்கலாம், எழுதக்கூடாது. பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்குகிறவன் என்பதற்காகப் பெரியப்பா என்னை எழுதவிட்டார். எனக்கு மீசைக்கு முன்னால் தலைக்கனம் முளைத்துவிட்டது. சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாத துப்பறிவாளனை "தன் வேர்வையையே கண்டுபிடிக்கத் தெரியாதவன்" என்றும், முப்பது பக்கத்துக்குள் மூன்று முறை மூர்ச்சையாகும் கதாநாயகியைப் "பித்தம், வைத்தியரிடம் காட்டவும்" என்றும் எழுதினேன். உறவு முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கலியாணமான மறு வருஷமே வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கென்று இருந்தது அடுக்களையும், எல்லோரும் படித்தபின் கிடைக்கும் நாவலும்தான். "ஏனுங்க மருமகனே, இந்த வாட்டி யாரைக் கிழிச்சுப்போட்டீங்க?" என்று கேட்டபடி என்னிடமிருந்து வாங்கிப்போவாள்.

ஒரு நாவலில் இளம் விதவை ஒருத்தி பக்கத்து வீட்டு வாத்தியார்மேல் ஆசை வைத்து, இருநூறு பக்கம் தவித்து, ஆற்றில் விழுந்து சாகிறாள்; அதன்பிறகு ஆசிரியர் நான்கு பக்கம் உபதேசம் செய்கிறார். நான் "உயர்ந்த முடிவு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விதவை செத்தால் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. விமர்சகனுக்கு வேண்டிய முதல் தகுதி அது.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா புத்தகத்தோடு கூப்பிட்டார். என் வரிக்குக் கீழே, கையெழுத்தில்லாமல், பென்சிலில் நான்கு வார்த்தை: "இவள் எதற்குச் சாக வேண்டும்?"

"இது நீ எழுதுனதா கண்ணு?"

"ஆமாங்க" என்றிருந்தால் காதைத் திருகிவிட்டு மறந்திருப்பார். அடுக்களைக் கதவருகே அத்தை முறத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இத்தனை மட்டமான அபிப்பிராயம் என் பெயரில் பொள்ளாச்சி வரை போவதா?

"நானில்லீங்க பெரியப்பா. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லீங்க. அத்தை எழுதுனதுங்க."

யாரும் சத்தம் போடவில்லை. கழுத்தை அறுப்பதானாலும் "ங்க" போட்டு அறுக்கிற பக்கம் எங்களுடையது. பெரியப்பா அந்தத் தாளை மட்டும் கிழித்தெடுத்தார். என் "உயர்ந்த முடிவு"ம் அதோடு போயிற்று.

"கண்ணு கெட்டுப்போயிரும் அம்மணி. இனி நாவலெல்லாம் வேண்டாம்."

"சரிங்கண்ணா" என்றாள் அத்தை. அன்றைக்குப் பிறகு அவள் என்னை மருமகனே என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். சாகும்வரை அவள் படித்தது மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதங்களை மட்டும். மடியில் வைத்து நீவிவிட்டுப் படிப்பாள். கதை பாதியில் அறுந்திருக்கும். அதற்கு அவள் அபிப்பிராயம் சொன்னதில்லை.

பொள்ளாச்சி அலமாரியைக் கரையான் தின்றாகிவிட்டது. இப்போது அவரவர் புத்தகம் அவரவர் வீட்டில். கடைசித் தாள் வெறுமையாகவே கிடக்கிறது. நான் பத்திரிகைகளில் நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் எழுதிப் பிழைக்கிறேன். கதாநாயகியைக் கொல்லும் நாவல் வரும்போதெல்லாம் "இவள் எதற்குச் சாக வேண்டும்?" என்று கேட்கிறேன். என்ன துணிச்சல் என்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். அடியில் என் பெயர்தான் இருக்கிறது.