வீரமலை தட்டிய தகர டப்பா

காட்டிலாகாவில் வீரமலைக்குத் தற்காலிக வேலை. தற்காலிகம் என்றால் பத்தொன்பது வருடம். பச்சைமலை அடிவாரத்துச் சாவடியில், திருச்சியிலிருந்து அருவி பார்க்க வருகிற வேன்களுக்குச் சங்கிலியை இறக்கி விடுவார். வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலி போட்ட பழைய காடு அது. வருகிறவர்களுக்கு ஒரு நாள் பொழுது, அவ்வளவுதான்.

குரங்குக்குத் தீனி போடக்கூடாது என்று ஆளுயரப் பலகை உண்டு. யார் படித்தார்கள்? புரட்டாசி சனிக்கிழமை வந்தால் ஸ்ரீரங்கத்திலிருந்து கமலவல்லி மாமி தூக்கு நிறையத் தயிர்சாதத்தோடு வந்து விடுவார். மற்றவர்கள் ஓடுகிற வேனிலிருந்தே பழத்தை வீசுவார்கள். வீரமலை தடுத்துப் பார்த்தார்.

"ஆஞ்சநேய ஸ்வரூபம்ப்பா. ஆகாரம் போடறதைத் தடுக்காதே" என்றார் மாமி.

வீசிய பழத்தை எடுக்க ஓடிய குரங்குகள் வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் செத்தன. மனசு கேட்காமல் வீரமலை சாவடிக்குப் பின்னால் ஒரு தொட்டி வைத்தார். தண்ணீர் ஊற்றி, தகர டப்பாவைத் தட்டுவார். சத்தம் கேட்டதும் கூட்டம் ரோட்டை விட்டு அங்கே வந்து விடும். அதில் காது கிழிந்த பெட்டை ஒன்று. அதைத் தாயி என்று கூப்பிடுவார். இப்போது அதன் வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு குரங்கு பழத்துக்குத் தாவி, ஒரு குழந்தையின் கையைக் கீறி விட்டது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எல்லாவற்றையும் பிடித்து வேறு மலையில் விடச் சொல்லி உத்தரவு வந்தது. பிறந்த காட்டை விட்டுப் போன குரங்கு எத்தனை நாள் தாங்கும் என்று வீரமலைக்குத் தெரியும். கைக்குட்டியோடு இருக்கும் தாயி தாங்கவே தாங்காது.

தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய கூண்டு வைத்து இரண்டு நாளாகியும் அதற்குள் ஒன்றும் நுழையவில்லை. ரேஞ்சர் ஜெய்சங்கர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே.

"நீங்க தட்டுங்க வீரமலை. உங்களுக்குத்தான் வரும்."

வீரமலை டப்பாவை எடுத்தார். தட்டினார். பதினோரு குரங்குகள் வந்தன, கூண்டு மூடியது. இன்னும் இருக்கா என்று ரேஞ்சர் கேட்டபோது, அவ்வளவுதான் சார் என்று கூசாமல் பொய் சொன்னார். டப்பாவையும் கீழே வைத்து விட்டார்.

அதன் பிறகுதான் தாயி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவர் நிற்பதைப் பார்த்து வந்தது. காலடியில் வந்து உட்கார்ந்தது. கூண்டைத் தூக்க வந்த ஆட்கள் சுருக்கு வலையோடு மெல்ல நெருங்கினார்கள்.

போ, போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஒரு நாளும் விரட்டாத மனிதர்; அது அசையவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து, அது பயந்து ஓடட்டும் என்று அதன் பக்கத்தில் எறிந்தார்.

தாயி குட்டியை அணைத்துக்கொண்டு கல் விழுந்த இடத்துக்கு ஆசையாக ஓடியது. அதைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வலை விழுந்தது.