பல்லாவரம் சந்தையில் நின்ற கம்பெனி பஸ்

எங்கள் கம்பெனி வருடத்துக்கு எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுவாயா என்று வீட்டில் அண்ணன் கேலி செய்வான். இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. நாங்கள் கார் உதிரிபாகங்கள் செய்து அனுப்பினோம். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, கரியமில வாயுக் கணக்கு வேண்டும் என்று ஒரு எக்ஸெல் ஷீட்டை அனுப்பிவைக்க, அது சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த என் தலையில் வந்து விழுந்தது.

நான்கு ஊர்களில் எங்களுக்கு ஆலைகள். ஒரு ஊர்க்காரர் டீசலை லிட்டரில் தருவார், இன்னொருவர் பீப்பாயில், மூன்றாமவர் ரூபாயில். மின்வெட்டில் ஜெனரேட்டர் எவ்வளவு குடித்தது என்று கேட்டால் போன மாசம் மாதிரியே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போனிலேயே சண்டை போடுவேன். மல்லுக்கட்டி எல்லாரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபோது கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்த ஷீட்டில் ஒரு வரி, கம்பெனி பஸ். குன்றத்தூரில் கிளம்பி, பல்லாவரம் வழியாக, தாம்பரம் தாண்டி இருந்த எங்கள் ஆலைக்கு வரும். நான் பல்லாவரத்தில் ஏறுவேன். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைப்பது குன்றத்தூர் அக்கா. உதிரிபாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் பகுதியில் வேலை. கணவர் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். மகள் நர்ஸாக வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது, நான் இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னால், பஸ் பல்லாவரம் சந்தை ஓரமாக நிற்கும். பெண்கள் இறங்கி ஓடிப்போய்க் காய்கறி வாங்கிவருவோம். டிரைவர் அண்ணனிடம் கேட்டு அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்ததே அக்காதான். பேட்டரி மோசம், அணைத்தால் நாங்கள்தான் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் நாங்கள் பேரம் பேசி முடிக்கும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி ஏறும்போது பஸ் முழுக்கக் கொத்தமல்லி வாசனை. யாராவது ஒரு கொய்யாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த வருடம் புகை குறைந்தே ஆக வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். உலையில் கை வைக்க முடியாது, ஜெனரேட்டரை நிறுத்த முடியாது. மேனேஜரின் கண் பஸ் வரியில் விழுந்தது. மைலேஜ் ஏன் இவ்வளவு மட்டம் என்று டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க, அவர் சந்தையில் நிற்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே பஸ்ஸை நிறுத்தும் உத்தரவு தயாராக இருந்தது. அதை நான் மேனேஜர் மேஜையில் முதல் நாளே பார்த்திருந்தேன்.

பஸ்ஸை எடுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு பைக்கில் வருவார்கள், புகை கூடத்தான் செய்யும் என்று வாதாடினேன். எழுதியும் கொடுத்தேன்.

"அது அவங்க வண்டிம்மா. நம்ம ஷீட்ல வராது," என்றார் மேனேஜர்.

அந்த ஷீட்டின் விதிப்படி அவர் சொன்னது சரி.

ஆண்கள் கடன் போட்டு பைக் வாங்கினார்கள். அக்கா விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி வந்துபார்த்தார். தினமும் லேட் விழுந்தது. கடைசியில் வேலையை விட்டுவிட்டார். அந்த வருடம் எங்கள் கணக்கில் புகை குறைந்திருந்தது. மீட்டிங்கில் எனக்குக் கை தட்டினார்கள். கூனிக்குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அதே சந்தையில் அக்காவைப் பார்த்தேன். குன்றத்தூரிலேயே ஒரு துணிக்கடையில் நிற்கிறாராம். மகள் பிளஸ் டூவோடு நின்றுவிட்டாளாம், அவளும் அதே கடைதானாம். சொல்லிவிட்டுக் காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தான சந்தையில நிறுத்த சொன்னேன். வண்டி சும்மாவே ஓடிகினு கெடந்துச்சு. என்னாலதான அல்லாருக்கும் பஸ்ஸு போச்சு?"

இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தை காரணமே இல்லை, அங்கே நிற்காமல் போயிருந்தாலும் பஸ்ஸை எடுத்திருப்பார்கள், உத்தரவை நானே பார்த்தேன் என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று படபடவென்று சொன்னேன். பைக் கணக்கையும் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து என் பையில் வைத்தார்.

"நீ நல்ல பொண்ணு. என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்ற."

நாலு ஊர் ஆட்களைச் சண்டை போட்டு என் கணக்கை ஒப்புக்கொள்ளவைத்தவள் நான். அக்காவை மட்டும் நம்பவைக்க முடியவில்லை.