கரடிக்குக் கொடுத்த குரல்

என் நோயின் முதல் அறிகுறிக்குக் கைதட்டல் கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் திடீரென்று கம்மிக் கரகரத்தது. பிள்ளைகள் குதித்தார்கள். "மாமா, கரடி பேசுது! அப்டியே பேசு மாமா!"

நான் தோல் தொழிற்சாலையில் கிளார்க். சிறுவர் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவன். எதையும் முதலில் பிள்ளைகளிடம் வாயால் சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் கொட்டாவி விட்ட இடங்களை வெட்டிவிட்டுத்தான் எழுத உட்காருவேன். தொலைந்துபோன தன் கம்பளியைத் தேடி ஆம்பூருக்கு வந்த கரடியின் கதை அந்தக் கரகரப்பிலிருந்துதான் பிறந்தது. தொடராக வந்து, புத்தகமும் ஆனது. பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். குரல் கெடக் கெடக் கரடிக்கு மவுசு கூடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சுண்ணாம்புத் தொட்டிக் காற்றும் ரசாயன நெடியும் பட்டு, தொழிற்சாலையில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியேதான் இருக்கும். கூட வேலை பார்த்த நசீர் பாய் சிரித்தார். "நம்மூர்ல எவன் தொண்டைதான் நல்லாகீது? பனங்கற்கண்டு போட்டுக்க, பேஜார் பண்ணாத." நானும் கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு மேடையேறினேன். சோறு இறங்க மறுத்த பிறகுதான் வேலூருக்கு பஸ் ஏறினோம்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குரல்வளையில புற்று. ஆரம்பத்துலயே வந்திருந்தா கதிர்வீச்சுலயே குரலைக் காப்பாத்திப் பார்த்திருக்கலாம். இப்ப குரல்வளைய எடுத்தாத்தான் உயிர்."

என்னை முந்திக்கொண்டு என் மனைவி சரோஜா, "எடுத்துடுங்க சார்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் நசீர் பாய் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். துபாயிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்தது. "பேசு தோஸ்த். வீட்ல இருக்கட்டும்." நான் கேஸட் முழுக்கக் கரடிக் கதையையே சொன்னேன், கரடிக் குரலிலேயே. வார்டுப் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்தார்கள். சரோஜா மடியில் பிளாஸ்க்கோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கேஸட் தீர்ந்துவிட்டது.

பிழைத்துக்கொண்டேன். ஸ்டோமா (மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் வைக்கும் துளை) வழியாக மூச்சு வந்து போகிறது. மூக்குக்கு வேலை இல்லாததால் வாசனையும் போயிற்று. ஊரே மூக்கைப் பிடிக்கும் தோல் நாற்றம் எனக்கு மட்டும் இல்லை. உணவுக்குழாயில் காற்றை இழுத்து ஏப்பம்போலப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குக் கைகூடவில்லை. கதைகள் எழுதுகிறேன். எங்கே கொட்டாவி விடுவார்கள் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்மிய குரல் சில வாரங்களில் தேறாவிட்டால், ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு யார் கைதட்டினாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் சரோஜா அந்தக் கேஸட்டைப் போட்டாள். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"இதுல கரடிதான் பேசுது. நீங்க இல்லியே" என்றாள். "ஒருவாட்டி 'தண்ணி குடு'ன்னு சொல்லி வச்சிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தைக்கு அன்று கேஸட்டில் நான் இடம் விட்டிருக்கலாம்.

இப்போது தாகம் எடுத்தால் எழுந்து சமையலறை வாசலுக்குப் போகிறேன். அவள் முதுகு காட்டி வேலையாக இருப்பாள். அவளாகத் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.