அவருக்குத் தந்த களிம்பு

இதை எழுதவே கூச்சமாயிருக்கிறது. கல்யாணமான புதிதில் எனக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும் தொடங்கின. மருந்து போட்டால் மாறும். அவரோடு சேர்ந்தால் திரும்பவும் வரும். "தாய் வீட்டிலயிருந்து கொண்டுவந்த வருத்தம்" என்று மாமி என் நோயைப் பற்றி அயலுக்கெல்லாம் சொன்னார்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா இரண்டு குழாய் களிம்பு தந்தார். "ஒண்டு உங்கட அவருக்கு. ரெண்டுபேரும் பூசாட்டி மாறாது பிள்ளை."

துறைமுக வேலை முடிந்து வந்தவரிடம் கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம் "ஓம், பூசினனான்" என்பார். எனக்கோ மாறவில்லை. என் உடம்புதான் பழுதென்று நானும் நம்பினேன்.

ஒருநாள் மாமி கதிரையில் இருந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குதிக்காலைக் காட்டினார். "பார், வெடிப்பெல்லாம் மாறிட்டுது. என்ர மகன் தந்த களிம்பு!" கையில், நான் அவரிடம் கொடுத்த அந்தக் குழாய்.

அவர் வந்ததும் கேட்டேன். "வருத்தம் உமக்கு. எனக்கென்னத்துக்கு மருந்து?" என்றார், சோற்றைப் பிசைந்தபடியே.

அவர் பூசும்வரை பாயைத் தனியாகப் போட்டேன். பிறகு பூசினார், வருத்தமும் மாறியது. பிள்ளைகளும் பெற்றோம். ஆனாலும், நான் அழுந்துவதைத் தெரிந்துகொண்டே பொய் சொன்னவர் என்ற நினைப்பு, அவர் என்னைத் தொடும்போதெல்லாம் வந்தது.