நடுவட்டத்துப் புத்தகம்

பிள்ளைகள், இதைத் தமிழில் வாசிக்கும் அளவுக்கு நீங்கள் வளர்ந்த பிறகு வாசித்தால் போதும். நான் துப்புரவு செய்யும் விளையாட்டு மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. அதற்குள் விரித்த புத்தகம் ஒன்று வரைந்திருக்கிறார்கள். மண்டபத்துக்குச் சொந்தமான பல்கலைக்கழகத்தின் சின்னம் அது. அந்த இடம் வந்தால் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் துடைப்பேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிப் பழகிய உடம்பு, பாரிஸ் நகரத்துக்கு வந்ததும் மாறிவிடுமா? கூட வேலை செய்யும் மன்னார் அந்தோனி அண்ணை சிரிப்பார். "தம்பி, அது பெயின்ற். சப்பாத்துக் கழட்டிக் கழட்டியே பட்டம் எடுக்கப் போறியோ?" என்பார். "ஓம் அண்ணை, தொப்பியை உங்களுக்குத் தாறன்" என்பேன்.

இந்தப் பல்கலைக்கழகம் ஒரு கூடைப்பந்துக் கழகம் வைத்திருக்கிறது. மாணவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுவது அல்ல, சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்கள். அவர்களில் பெரிய ஆட்டக்காரர் அமெரிக்காவிலிருந்து வந்தவர். வாசலில் குனிந்துதான் நுழைவார். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலத்தான், ஆனாலும் தினமும் எனக்கு வணக்கம் சொல்வார்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு ரூ காய் தெருவில் ஒரு கடையில் வேலை, சின்னவனும் அவளோடு. அதனால் சுதா, மூத்தவளே, உன்னை எங்கள் வீடு இருக்கும் ஸ்தேனிலிருந்து என்னோடு கூட்டிக்கொண்டு போவேன். அன்றைக்குத்தான் கழகத்தின் சிறுவர்களுக்குப் பயிற்சி. ஒருநாள் உன் காலடிக்கு உருண்டு வந்த பந்தை நீ எறிந்தாய், அது கூடைக்குள் விழுந்தது. பயிற்சியாளர் உன்னையும் ஆடக் கூப்பிட்டார். சில கிழமைகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றார். அன்று வீடு திரும்பும்போது கார் து நோர் ரயில் மேடையில் நீ கையில் இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டே நடந்தாய். சனம் விலகி வழிவிட்டது.

அடுத்த புதன் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மதாம் மரியாதையாகத்தான் பேசினார். நான் துப்புரவு நிறுவனத்தின் ஆளாம். என் கொன்ரா, வேலை ஒப்பந்தம், அவர்களோடுதானாம். "நான் இங்கேதானே வேலை செய்கிறேன்?" என்றேன். "இங்கே வேலை செய்கிறீர்கள், எங்களுக்கு அல்ல" என்றார். அப்படியானால் அந்த அமெரிக்கர் இங்கே என்ன படிக்கிறார் என்று கேட்டேன். அறியத்தான் கேட்டேன். மதாம் நான் பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார். "அவர் படிக்கவில்லை மிஸ்யூ, விளையாடுகிறார். அவர் எங்கள் ஆள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்லும் நீ தமிழில் சொன்னாய்: "அப்பா, நாங்கள் இவையின்ரை ஆக்கள் இல்லையாம்." படியிறங்கும்போது, "அப்ப நாங்கள் ஆரின்ரை ஆக்கள்?" என்று கேட்டாய். நான் உன் கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன். வேறென்ன செய்ய?

உங்கள் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்தில் ஒருநாள் பல்கலைக்கழக இடம் கேட்டுப் போய் இப்படித்தான் திரும்பி வந்தார். புள்ளி போதுமாக இருந்தது, மாவட்டம் பிழை என்றார்கள். அதைப் பார்த்து நான் படிப்பை விட்டேன். என் பிள்ளைகள் போகிற நாட்டில் கெட்டித்தனம் மட்டும் கேட்பார்கள் என்று நம்பித்தான் வந்தேன். இங்கே பந்து கூடைக்குள் விழுந்தது, அப்பனுடைய கொன்ரா பிழையாம். ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? அந்த மதாம் நல்ல மனுசிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

மறுநாள் காலை அந்தோனி அண்ணை வரமுதல் மண்டபத்தில் நான் தனிய நின்றேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. ஈரச் சப்பாத்தோடு அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏறி மறுபக்கத்தில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் என் சப்பாத்துத் தடம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழங்காலிட்டு அதைத் துடைத்தேன். கை பழக்கத்தில் கண்ணுக்குப் போனது. பாதியில் அதை இறக்கிவிட்டு, வெறுங்காலோடு மிச்ச மண்டபத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.