தர்ஷியின் முதல் பீப்பா

"கோலா வேண்டாம் பெரியப்பா, அப்படியே குடிச்சுப் பாருங்கோ."

இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

குசினியிலிருந்து ரோல்ஸ் பொரிக்கிற வாசம்... ஒஸ்லோவின் புறநகர் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு ஹோல் முழுக்க ஆண்களின் சிரிப்பு. நடுமேசையில், தர்ஷி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த விஸ்கிப் போத்தல்.

தர்ஷி என் சித்தியின் மகள். ஒஸ்லோவில் இருவரும் ஒன்றாகத்தான் இரசாயனவியல் படித்தோம். நூறு வருடம் விஸ்கி வடிக்காமல் கிடந்த இங்கிலாந்தில் இப்போது புதிது புதிதாக வடிசாலைகள் திறக்கிறார்கள் என்று வாசித்து, அதில் ஒன்றின் வேலை விளம்பரத்தைக் கண்டுபிடித்தவள் நான். "விஸ்கிக் கொம்பனியிலை வேலை எண்டு வீட்டிலை எப்பிடியடி சொல்லுறது?" என்று பயந்தவளும் நான்.

தர்ஷி வீட்டில் "லாப் வேலை" என்று சொல்லிவிட்டு அந்த வேலைக்குப் போய்விட்டாள். பிறகு உண்மை தெரிந்து சித்தி ஒரு கிழமை கதைக்கவில்லை. ஒரே ஒரு கிழமை... அவ்வளவுதான்.

போத்தலோடு வந்த அன்று வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே என் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, இது நான் நிரப்பின முதல் பீப்பா. மூண்டு வருசம் காத்திருந்து எடுத்தது. ஒருத்தரையும் கோலா கலக்க விடாதை, என்ன?"

"ஓம்" என்றேன்.

லேபலில் அவளுடைய கையெழுத்து இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பெரியப்பா போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இங்கிலாந்திலை விஸ்கியோ! ஸ்கொட்லாந்துக்காரன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான், பிள்ளை."

"முதல்லை நீங்கள் குடியுங்கோ, பிறகு அவன் சிரிக்கட்டும்" என்றாள் தர்ஷி. அதற்குள் சித்தி அவளை ரோல்ஸ் பொரிக்கக் கூப்பிட்டுவிட்டார்.

பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "காரமாக் கிடக்கு. அந்தக் கோலாவை இஞ்சை தாங்கோ."

கோலா என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன்.

ரோல்ஸ் தட்டோடு வந்த தர்ஷி கறுத்துக் கிடந்த கிளாசுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா வெறும் போத்தலைக் கழுவித் தண்ணீர் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கையெழுத்து பாதி அழிந்துவிட்டது. நான் இன்னும் ஒஸ்லோவில், படிப்பு முடிந்ததும் சேர்ந்த அதே லாபில், குடிநீர் பரிசோதிக்கிறேன்.

போன மாதம் தர்ஷி வந்திருந்தாள். எல்லோருக்கும் சொக்லேட்தான் கொண்டுவந்தாள்.