ஐஸ்கிறீம் பெட்டியில் வந்த பலகாரம்

இனிப்புத் தந்துதான் என்னைப் பல இடங்களிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். புத்தளத்து உப்பளத்தில் இனி வேலை இல்லை என்று சொன்ன அன்று வட்டிலப்பம் கிடைத்தது. கொழும்பில் மூட்டை இறக்கிய கடையில் கேக் துண்டு ஒன்றைக் கையில் தந்து, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார்கள். இந்தியாவில் அகதி முகாமில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுதிய தாளைக் கண்டு எனக்குப் பயம் வந்ததில்லை. காரணமில்லாமல் வரும் பலகாரத்தைக் கண்டால் வரும்.

ஆகவே பேசாலையில், ஒக்டோபர் மாதக் கடைசியில், நாங்கள் தங்கியிருந்த வாடிக்குள் ஓர் ஐஸ்கிறீம் பெட்டி நிறையப் பலகாரம் வந்தபோது நான் அதைத் தொடவில்லை. கொண்டுவந்தவன் என்னோடு அந்த ஓலைக் கொட்டிலில் தங்கியிருந்தவன். ஒரே படகில் தொழில். என்னைவிட வயது மிகக் குறைவு, அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவன்.

"அண்ணை, சம்மாட்டியார் வீட்டால தந்துவிட்டவை. உங்களுக்காம்."

"எனக்கோ? உனக்கு?"

"நான் அங்கேயே திண்டிட்டன்."

சம்மாட்டியார் என்றால் படகும் வலையும் உடையவர். செபமாலை மாதத்தில் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். அன்று அவர் வீட்டு முறை. செபம் முடிந்ததும் பலகாரமும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். காற்று எழும்பியிருந்ததால் நான் படகுக்குக் காவலாகக் கரையில் நின்றுவிட்டேன்.

வாடைக்காற்று தொடங்கினால் பேசாலைப் பக்கத்துக் கடலில் நிற்க முடியாது. படகையும் வலையையும் தீவின் தெற்குக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஓர் ஆள் குறைவாகவே போதும். அப்படி விடப்படுகிறவருக்குக் காற்று மாறும்வரை தொழில் இல்லை. மற்றவர்களுக்குப் போய் இருக்க ஒரு வீடு இருந்தது. எனக்கு விடத்தல்தீவில் பிறந்தேன் என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம்.

எங்கள் சம்மாட்டியார் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார். அதற்கு அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. செபமாலை அன்று வேலையாளுக்குப் பலகாரம் தட்டத்தில் வந்தால் அவனுக்கு இடம் உண்டு. தட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், வெறுமையாகக் கொடுக்கவும் கூடாது. ஆக, அவன் அந்த வாசலுக்கு மறுபடியும் போயே ஆகவேண்டும். கடதாசியில் சுற்றி வந்தால் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. போன வருடம் நானாட்டானைச் சேர்ந்த ஒருவருக்கு அப்படி வந்தது. அவர் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்து, "நல்ல மொறுமொறுப்பு" என்று சொல்லிவிட்டு, உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தக் கதையை நானே வாடியில் இவனுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஐஸ்கிறீம் பெட்டி? அது தட்டமா, கடதாசியா? எங்கள் பக்கத்தில் அதைக் கழுவி வைத்து ஊசி நூல் போடுகிறவர்களும் உண்டு, குப்பைக்குள் எறிகிறவர்களும் உண்டு. நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த படம் பாதி உரிந்திருந்தது. நெடுநாள் பாவித்த பெட்டி. ஆசையாக வைத்திருந்ததாகவும் இருக்கலாம், தொலைந்தால் போகட்டும் என்று தந்ததாகவும் இருக்கலாம். உள்ளே கொக்கிஸ், பயத்தம் பணியாரம், சீனி அரியதரம். கஞ்சத்தனம் இல்லாமல் வைத்திருந்தார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"தின்னுங்கோவன் அண்ணை. நஞ்சு ஒண்டும் போடேல்ல."

"நீ என்னத்தில வைச்சுத் திண்டனி?"

"தட்டத்தில தான். பின்ன கதிரையிலயோ வைச்சுத் தருவினம்?"

அங்கேயே தின்றாலும் தட்டம் தட்டம்தானே. அப்படியென்றால் அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவன் பாயில் சரிந்து, வழக்கம்போலக் காதில் வயரைச் செருகிக்கொண்டான். மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரங்களில் அவன் கேட்பதெல்லாம் அழுகைப் பாட்டு. புல்லாங்குழல் ஒன்று இழுக்கும், பிறகு ஒரு ஆண் குரல் அதைவிட மோசமாக இழுக்கும். நான் என் போனை எடுத்தேன். கண்ணாடி மூலையில் வெடித்தது, ஆனாலும் தெரியும். சம்மாட்டியாரின் மனைவி வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைத்திருந்தார். கரையை விட்டுப் போகும் வள்ளம், அதன்மேல் சோகமான குரல். பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். போகிறவனைப் பற்றிய பாட்டு என்பது விளங்கியது. எந்தப் போகிறவன் என்பதுதான் விளங்கவில்லை.

"நான் பாத்தது அவவுக்குத் தெரியுமோ?"

அவன் ஒரு பக்க வயரைக் கழற்றினான். "தெரியும். எத்தினை தரம் பாத்தியள் எண்டு தெரியாது. பயப்பிடாதேங்கோ."

தொழில்காரருக்கென்று இருந்த குழுவில், வலை எப்போது ஏற்றுவது என்று எழுதிப் போட்டேன். சிறிது நேரத்தில் எல்லோரும் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. இவனும் பார்த்திருக்கிறான்.

"பாத்திட்டு ஏன் பேசாமல் கிடக்கிறாய்?"

"பக்கத்தில படுத்துக்கொண்டு என்னத்தை எழுதிறது அண்ணை?"

"அப்ப வாயால சொல்லு."

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினான்.

மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தேன். நானாட்டான்காரர் எழுந்து போய்விட்டார், அவருக்கு வயல் இருந்தது. போக இடம் உள்ளவனுக்குத்தான் மானம் பார்க்க வசதி. தொடாத பலகாரத்தை ஒரு பையில் கொட்டி வாடியிலேயே வைத்தேன். பெட்டியைக் கழுவி, கடையில் வாங்கிய பனங்கட்டியை அதற்குள் வைத்துக்கொண்டு சம்மாட்டியார் வீட்டுக்கு நடந்தேன். இது தட்டமா இல்லையா என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும்.

அவர் முற்றத்தில் மழைக்கு முதல் கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியை நீட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எப்பிடி உங்களிட்ட வந்தது?"

"நீங்கள் தந்துவிட்டதெண்டு..."

"தம்பிக்கெல்லோ குடுத்தனான். உங்கட தட்டம் உள்ளுக்குக் கிடக்கு. இரவு வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், வரேல்ல."

உள்ளே போய், துணியால் மூடிய தட்டத்தைக் கொண்டுவந்து தந்தார். பனங்கட்டியை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திண்ணமாக என் கையிலேயே திருப்பி வைத்தார். நான் பாட்டைப் பற்றியும் கேட்டுவிட்டேன். இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் நாள் வருகிறது, கடலில் போன தன் அண்ணனுக்காகப் போட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ. இவர் சொல்லமாட்டார்" என்றார்.

வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. அவன் தெரியாமல் செய்தானா, தெரிந்து செய்தானா? நான் அந்த நானாட்டான்காரரைப்போல எழுந்து போயிருந்தால் இடம் யாருக்குப் போயிருக்கும்?

வாடியில் அவன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். என் கையில் இருந்த தட்டத்தைக் கண்டதும் ஊதுவதை நிறுத்தினான்.

"தெற்குக் கரைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லையாம்" என்றேன். பக்குவம் எனக்கு வராது.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"பெட்டியைக் கையில தந்தபோதே தெரியும். நீங்கள் சொன்ன கதைதானே."

"பிறகேன் எனக்கெண்டு சொன்னனி?"

அவன் அடுப்புக்குள் ஒரு கொள்ளியைத் தள்ளினான்.

"நீங்கள் எங்க போனாலும் இருந்திடுவியள் அண்ணை. எத்தினை இடம் பாத்தனீங்கள். நான் உந்தத் தொழிலும் இல்லாமல் வீட்டை போனால் என்னை உள்ளுக்கு எடுக்கமாட்டினம்."

அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் அதுவரை என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியதில்லை. நான் எங்கும் இருந்ததில்லை, எல்லா இடத்திலிருந்தும் அனுப்பப்பட்டேன் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கும். காரணம் சொல்லாமலே மறுத்தேன்.

காற்று தணிந்த ஒரு காலையில் வலையை உழவு மெசினில் ஏற்றினோம். நனைந்த வலை கனத்தது. அவனும் வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். வேண்டாம் என்று சம்மாட்டியார் சொல்லவில்லை, அவர் எதைத்தான் சொல்வார். ஏற்றி முடிந்ததும் நான் வலைமேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் கீழே நின்று, அங்கே குடிக்கத் தண்ணீர் நல்லமோ என்று கேட்டான். உப்பு என்றேன். தலையாட்டினான்.